கேட்டவர்கள் 1 அனுப்பவும்

அவள் யாரையும் கூப்பிட மாட்டாள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது லேசான காரியம் இல்லை. இங்கே பேச்சு என்றாலே ஏலே, ஏளா என்றுதான் ஆரம்பிக்கும். மூத்தவர் என்றால் அண்ணாச்சி. எதிரே நிற்கிற ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் ஒரு கூப்பிடல் இல்லாமல் அடுத்த வார்த்தை வராது. அவளோ நான்கு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூட என் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சொல்ல வேண்டியதை அறையின் நடுவில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

"மணி நாலாச்சு" என்பாள். யாரோ எழுந்து போய் டீ சொல்லுவார்கள். "பேனு ரொம்ப வேகமாச் சுத்துது" என்பாள். யாரோ குறைப்பார்கள். "கறிவேப்பிலை போட்ட மீன்குழம்பு மிச்சம் இருக்கு" என்பாள். யாரோ டிபன் பாக்ஸை நகர்த்திக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் அந்த யாரோ நான்தான்.

"ஏளா, எங்கிட்ட சொல்லுதன்னா என்னையப் பாத்துச் சொல்லேன்" என்று பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பாள். "சொல்லியாச்சு. கேக்க வேண்டியவங்க கேட்டுக்கிடுவாங்க" என்பாள். அதையும் ஜன்னலிடம்தான் சொல்லுவாள்.

அவள் அப்படிச் சொன்னதை எல்லாம் எங்களில் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டார். ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இன்னும் மனதை அறுத்துக்கொண்டிருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மில்லர்புரத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். ஏழெட்டுப் பேர். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மென்பொருள் எழுதுவது வேலை. துறைமுகத்து ஆட்கள் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். பெட்டி வாசல் கேட்டுக்குள் வருவது, எந்த வரிசையில் நிற்கிறது, எப்போது கப்பலுக்குப் போகிறது எல்லாவற்றையும் எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் மீனும் இறாலும் ஏற்றிய குளிர்ப்பெட்டிகள் தனி ஜாதி. யார்டில் இறக்கியதும் பிளக்கைச் சொருகிக் கரண்டு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு போனால் உள்ளே இருப்பது கருவாட்டுக்குக்கூட ஆகாது.

நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். கேட், வரிசை, கரண்டு, பில் என்று மென்பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். இந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்வது என்கிற வேலை அவளிடம் போனது. அதோடு தீர்ந்தது. அவள் எப்படியோ அவள் எழுதிய புரோகிராமும் அப்படியே வந்தது.

எங்கள் முதலாளி மளிகைக்கடைக் குடும்பத்துக்காரர். சரக்கு வந்தால் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காதில் சொல்கிற வீட்டில் வளர்ந்தவர். கேட்டில் பெட்டி வந்தால் கேட் பகுதி நேராகப் பில் பகுதியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அவள் எழுதியதில் கேட் யாரையும் கூப்பிடாது. 'பெட்டி வந்தாச்சு' என்று பொதுவாக ஒரு அறிவிப்பு விடும். புரோகிராம்காரர்கள் அதை ஈவென்ட் என்போம். அந்த அறிவிப்பு யாருக்குத் தேவையோ அவர்கள் முன்கூட்டியே காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் லிஸனர்கள்.

"ஏம்மா, யாருக்குச் சொல்லுதோம்னு தெரியாம எப்படிம்மா சொல்லுதது?" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

அவள் கடற்கரைத் தெருக்காரி. மாதா கோயில் மணிச் சத்தத்திலேயே வளர்ந்தவள். "எங்க தெருவுல சாவு மணி அடிச்சா, சவப்பெட்டி செய்யுதவரு ரம்பத்த எடுப்பாரு. பூக்காரம்மா சாமந்திய ஒதுக்கி வப்பா. பேக்கரில பன்னு கூடப் போடுவாவ. மணிக்கு இவுகள்லாம் யாருன்னு தெரியுமா? நாளைக்குப் புதுசா ஒரு பந்தல்காரரு வந்தா, மணிய மாத்தவா செய்யணும்? அவரு காதத் தொறந்து வச்சா போதும்" என்றாள், முதலாளியின் தலைக்கு மேல் தொங்கிய காலண்டரைப் பார்த்து.

முதலாளி காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் சரி. என் யார்டுல எதுக்கும்மா சாவு மணி?" என்றார்.

ஆனால் விட்டுவிட்டார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. யார்டுக்காரர்கள் புதிதாக எடைமேடை ஒன்று வைத்தபோது மற்றப் பகுதிகளில் ஒரு வரி மாற்றவில்லை. எடைமேடை வந்து காதைத் திறந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவளிடம் இன்னொரு வியாதி. ஒரு ஆளைக் கேட்கிறவர் வரிசையில் சேர்த்துவிட்டால் எடுக்கவே மாட்டாள். எங்கள் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவில் திருப்பூருக்குப் போய் இரண்டு வருடமான டீக்கடைக்காரர் இருந்தார். ஏசி ரிப்பேர் பண்ண ஒரே ஒரு நாள் வந்தவர் இருந்தார். எங்கள் சம்பளத் தேதி முதல் கக்கூஸ் அடைப்புவரை அவர்களுக்கும் தெரியும். "போனவங்க, போறேன்னு சொல்லலியே" என்பது அவள் வாதம்.

புரோகிராமிலும் இதே கதைதான். கேட்டில் உள்ளவர் கம்ப்யூட்டரில் தன் திரையைத் திறந்தால் ஒரு லிஸனர் வந்து உட்காரும். திரையை மூடினால் அது எழுந்து போக வேண்டும். அவள் எழுதியதில் எழுந்து போகாது. மறுபடி திறந்தால் இன்னொன்று வந்து உட்காரும். கேட்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுவார். சாயங்காலம் பதினோராவது தடவை திறந்திருந்தபோது ஒரு லாரி உள்ளே வந்தது. 'பெட்டி வந்தாச்சு' என்றது கேட். காத்திருந்த பதினோரு லிஸனர்களும் ஆளுக்கொரு நுழைவுச் சீட்டு அச்சடித்தார்கள். டிரைவர் பதினோரு சீட்டையும் விசிறி மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, மீதிப் பத்துப் பெட்டிய நான் எங்கன போய்த் தேட?" என்று கேட்டாராம். யார்டில் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. குளிர்ப்பெட்டிச் செய்திகள் குறுஞ்செய்தியாகப் போன்களுக்கும் போகும். யார்டு சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், சரக்குக்காரர், கூடவே சரிபார்ப்பதற்காக அவளும் நானும் என்று ஒரு பட்டியல். அவர்களுக்கும் ஒவ்வொரு செய்தியும் பதினொன்று பதினொன்றாக விழுந்தது. மனுசன் எத்தனையைப் பார்ப்பான்? ஒவ்வொருவராக அந்தச் செய்திகளுக்கு மட்டும் சத்தத்தை அடைத்துப் போட்டோம். நானும்தான். அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு தப்பான ஆளும் இருந்தார். முன்பு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் சிம்மை விட்டுவிட்டுப் போக, அந்த நம்பர் ஆறுமுகநேரியில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சிக்குப் போயிருந்தது. முதல் நாள் போன் செய்து கத்தினார். "யம்மா, நாலாம் பெட்டிக்குக் கரண்டு குடுத்தாச்சுங்கிய, அஞ்சாம் பெட்டி கப்பலுக்குப் போயிட்டுங்கிய. எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" நான் மன்னிப்புக் கேட்டு, நீக்கிவிடுகிறோம் என்றேன். அவள் நீக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். "யம்மா, ஆறாம் பெட்டி என்னாச்சு? மூணு நாளாச் சத்தத்தக் காணுமே. போயிட்டா, இல்லியா?" பட்டியலில் இருந்த அத்தனை பேரிலும் எங்கள் செய்தியை வரி விடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான்.

முதலாளிக்கு இது தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. யார்டுக்காரர்கள் சீட்டு விஷயத்துக்காக ஏற்கெனவே அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். வெளியாள் ஒருவருக்கு அவர்கள் சரக்கு விவரம் போகிறது என்றால் சும்மா இருப்பார்களா?

"திங்கக்கிழமைக்குள்ள லிஸ்ட சுத்தம் பண்ணு. அந்த ஆறுமுகநேரிக்காரர எடு. இல்லன்னா வேற ஆள வச்சு, நேருக்கு நேர் சொல்லுத மாதிரி எழுதிக்கிடுதேன். நீ வேற இடம் பாத்துக்கோம்மா" என்றார். அவர் அப்படிப் பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "கேட்டுக்கிட்டு இருக்க மனுசன எப்படி வெளிய போகச் சொல்லுதது" என்றாள் மேஜையைப் பார்த்து. முதலாளி சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழா. எங்கள் ஊரில் அன்று பாதிப் பேர் கோயிலைச் சுற்றி நிற்பார்கள், மீதிப் பேர் அதை வேடிக்கை பார்க்க நிற்பார்கள். நான் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்திருந்தேன். போன் அடித்தது. ஆறுமுகநேரி அண்ணாச்சி.

"யம்மா, எட்டாம் பெட்டிக்குக் கரண்டு போயி அரை மணிநேரமாச்சு. மெசேஜ் மேல மெசேஜா வருது. ஒங்ககூட வேல பாக்குத அந்தப் பிள்ள போன எடுக்க மாட்டேங்கா. அங்கன ஒருத்தரும் பாக்கலியா?"

போனைப் பார்த்தேன். சத்தமில்லாமல் குவிந்து கிடந்தன. எட்டாம் பெட்டி. எட்டாம் பெட்டி. எட்டாம் பெட்டி. அது புதுக்கோட்டைப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு மீன் கம்பெனியின் பெட்டி. முழுக்கக் கணவாய் மீன். அவர்கள் சொந்தமாக வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் பெட்டி. அது கெட்டுப்போனால் அந்தக் கம்பெனி எழுந்திருக்காது, எங்கள் ஆபீஸும் எழுந்திருக்காது. அவள் வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யார்டுக்குப் போன் போட்டால் வாட்ச்மேன் எடுத்தார். "எட்டாம் பெட்டிகிட்டப் பொகஞ்ச வாடை அடிக்கும்மா. எனக்குக் கரண்டுன்னா பயம். எலக்ட்ரீஷியன் திருவிழாவுக்குப் போயிருக்காரு" என்றார். எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. அந்த மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தேன்.

அவள் அகப்பட்டது பெரிய அதிர்ஷ்டம். சொந்தக்காரர்களோடு வளையல் கடைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் போன் அவள் அம்மாவின் பையில், பை எங்கேயோ. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் கூட்டத்தை விலக்கினாள். காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கிற மைக் பந்தலுக்கு நேராக நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மைக்குக்காரர் நோட்டைத் திறந்தார். "பேரச் சொல்லுங்க. சின்னப் பிள்ளையா, பெரிய ஆளா? என்ன கலர் சட்டை?"

"எலக்ட்ரீஷியன் பேரச் சொல்லுளா!" என்றேன் நான்.

அவள் மைக்கை வாங்கினாள். "எட்டாம் நம்பர் பெட்டில கரண்டு இல்ல. சூடாயிட்டு இருக்கு. எட்டாம் நம்பர் பெட்டி, கரண்டு இல்ல" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த நேரத்திலுமா ஒரு மனுசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது? ஊரே திரும்பிப் பார்த்தது. "யாரு பெட்டி? என்ன பெட்டி?" என்று கேட்டுக்கொண்டு அத்தனை பேரும் மறுபடி தேரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

மூன்று பேரைத் தவிர. கையில் கடித்த பஜ்ஜியோடு எலக்ட்ரீஷியன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். இன்னொரு பக்கத்திலிருந்து மகளைத் தோளில் வைத்தபடியே சூப்பர்வைசர் வந்தார். மூன்றாவது ஆளை நாங்கள் யாரும் நினைத்தே பார்க்கவில்லை. முந்தின நாள் எட்டாம் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து யார்டில் இறக்கிய டிரெய்லர் டிரைவர். லீவு போட்டுவிட்டு வேண்டுதலுக்கு வந்தவர். "அது நான் கொண்டாந்த பெட்டில்லா!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

யார்டில் போய்ப் பார்த்தால் எட்டாம் பெட்டி மட்டும் நின்ற அந்த வரிசையின் சுவிட்ச் போர்டே கருகிக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் கையை விரித்தார். சரிபண்ணச் சாயங்காலம் ஆகும் என்றார். அந்த டிரைவர்தான் வெளியே நின்ற தன் டிரெய்லரைக் கொண்டுவந்தார். வழியில் பெட்டிக்குக் கரண்டு கொடுக்க அதில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதிலிருந்து எட்டாம் பெட்டிக்குக் கரண்டு இழுத்தார்கள். ஏறிக்கொண்டிருந்த சூடு நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது. கணவாய் தப்பியது. நான் சொன்னபடி எலக்ட்ரீஷியன் பெயரை மட்டும் கூப்பிட்டிருந்தால் எலக்ட்ரீஷியன் மட்டும் வந்து கையை விரித்திருப்பார்.

ஆனால் அவளிடம் ஜெயித்த முகம் இல்லை. ஒரு கேபிள் உருளை மேல் உட்கார்ந்திருந்தாள். "அரை மணிநேரமாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. ஒருத்தர்கூடக் கேக்கல" என்றாள். பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன்.

"நானும் சத்தத்த அடச்சிதான் வச்சிருந்தேன்ளா. பதினொண்ணு பதினொண்ணா வந்துச்சு" என்றேன்.

அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவள் என்னை நேராகப் பார்த்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை முதலாளி வருவதற்கு முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் திருத்தியிருந்தாள். திரை மூடினால் அதன் லிஸனர் எழுந்து போய்விடும். ஒரு செய்தி ஒரே தடவைதான் போகும். குளிர்ப்பெட்டி அபாயச் செய்திக்கு மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'கேட்டவர்கள் 1 அனுப்பவும்.' யாராவது ஒருவர் 1 அனுப்பும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது விடாமல் போய்க்கொண்டே இருக்கும். "மணி அடிச்சா மட்டும் போதாது போல" என்று அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "லிஸ்ட சுத்தம் பண்ணிட்டியாம்மா?"

"ஆறுமுகநேரி நம்பர இன்னும் எடுக்கல."

"எடுக்காத" என்றார் முதலாளி. யார்டுக்காரர்களிடம் என்ன பேசினாரோ, மாதச் சம்பளம் இல்லாத கண்காணிப்பாளராக அண்ணாச்சியை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மீன் கம்பெனி அவருக்கு ஒரு பெட்டி நிறைய இறால் அனுப்பியது. தெர்மாகோல் பெட்டிதான். "கரண்டு குடுக்கணுமா?" என்று போன் செய்து கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம்போல் அவள் எங்களோடு இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. நான் அதற்குள் கையை விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். "அடுத்த மாசத்துலருந்து ஜன்னல் பக்கத்து இடம் காலியா இருக்கும். அங்கன வெயில் அடிக்காது, நல்ல காத்து" என்றாள். மேஜையை மாற்றிப் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். "ம், ம்" என்று காகிதத்தை இழுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். "யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடலாம்." எடுத்துத் தின்றோம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி அவள் உட்காரும் ஜன்னல் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"கொச்சில வேல கெடச்சிருக்கு, உனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாளாம்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று கறுவிக்கொண்டே இருந்தேன். அவளாக யாரையும் கூப்பிட மாட்டாள். நானும் கூப்பிடவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் மென்பொருளைப் புதுசாக்குகிற வேலை என்னிடம் வந்தது. அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். எது உயிரோடு இருக்கும் நம்பர், எது செத்த நம்பர் என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஒரு செய்தி விட்டேன். 'இது சோதனை. கேட்டவர்கள் 1 அனுப்பவும்.' முதல் 1 ஆறுமுகநேரியிலிருந்து வந்தது. கூடவே 'சாப்டாச்சா' என்றும் கேட்டிருந்தார். சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன் என்று வரிசையாக வந்தன. கடைசியாக ஒரு நம்பரிலிருந்து 1 வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரி வந்தது.

'யாரோ என்னைய இன்னும் லிஸ்டுல வச்சிருக்காவ.'

படித்ததும் சிரித்துவிட்டேன். கொச்சிக்குப் போயும் திருந்தவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தபோதுதான் அந்த மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்தது. முதலாளி யார்டுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார்கள். ஜன்னல் பக்கத்து இடம் காலியாகும் என்று அவள் சொன்னபோது அந்த அறையில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

போனை எடுத்தேன். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்து நீளமாக என்னென்னவோ எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். அவள் நம்பருக்கு 1 என்று மட்டும் அனுப்பினேன்.